ஆறாம் நாள் தலைவலி

என் மனைவி கறுப்பின அமெரிக்கப் பெண். ஜார்ஜியா மாநிலத்தின் தென்மேற்கில் ஆல்பனி என்ற ஊரில் பிறந்து வளர்ந்தவள். நான் கோவில்பட்டிக்காரன், அட்லாண்டாவில் பாலம் வடிவமைக்கும் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். முதல் பிரசவத்தில் அவளைப் பறிகொடுக்க இருந்தேன். போன மாதம் எங்களைப் போலவே ஒரு ஜோடி, அவர் தமிழர், மனைவி கறுப்பினப் பெண், ஐந்தாம் மாதம் நடக்கிறது, எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று போனில் கேட்டார்கள். ஒன்றரை மணி நேரம் பேசினேன். வைத்த பிறகுதான் தோன்றியது, 2022-இல் எனக்கு இப்படி ஒருத்தர் ஒன்றரை மணி நேரம் பேசியிருந்தால் போதுமே என்று. அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் ஒன்றும் தயாராகாமல் போகவில்லை. ஆஸ்பத்திரி நடத்திய பிரசவ வகுப்புக்கு 150 டாலர் கட்டி நான்கு சனிக்கிழமை வீடியோவில் உட்கார்ந்தோம். எப்படி மூச்சு விடுவது, முதுகுத்தண்டில் போடும் வலி ஊசி வேண்டுமா வேண்டாமா, குழந்தையைத் துணியில் எப்படிச் சுற்றுவது, எல்லாம் சொன்னார்கள். படங்களில் இருந்த தாயும் வெள்ளை, குழந்தையும் வெள்ளை, பொம்மையும் வெள்ளை. அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை. அவளுக்கு உறைத்திருக்கிறது, சொல்லவில்லை. பிரசவத்துக்குப் பிறகு என்ற தலைப்பில் வந்தது ஒரே ஒரு பக்கம்: ஆறு வாரம் கழித்து டாக்டரைப் பாருங்கள். அந்த ஆறு வாரத்துக்குள் என்ன நடக்கலாம் என்று ஒரு வார்த்தை இல்லை.

செப்டம்பரில் பெண் குழந்தை. சுகப்பிரசவம். கடைசி மாதத்தில் அவளுக்குப் பிரஷர் கொஞ்சம் ஏறி இறங்கியது, யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். என் அம்மாவுக்கு விசா நேர்காணலுக்குத் தேதியே கிடைக்கவில்லை. மாமியார் ஆல்பனியில் படுக்கையில் கிடந்த மாமனாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று மணி நேர ஓட்டம், மாற்றி விட ஆள் இல்லை. ஆகவே வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு சிசுவும்தான்.

ஆறாம் நாள் காலையில் தலை வலிக்கிறது என்றாள். நெற்றியில் ஆரம்பித்து பின்மண்டை வரைக்கும். முகம் உப்பியிருந்தது. மோதிரம் கழற்ற வரவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டேன். "பிள்ளை பெத்த உடம்புடா, நீர் கோத்திருக்கும். பச்சத்தண்ணியில தலை குளிச்சாளா? சுக்கு அரைச்சுப் பத்துப் போடு" என்றாள். அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். அவளுக்குத் தெரிந்தது அது. ஆனால் அந்த ஒரு போன் எனக்கு அரை நாள் நிம்மதியைக் கொடுத்தது. அந்த அரை நாள் எங்களிடம் இல்லை.

சாயந்திரம் கண்ணில் பூச்சி பறக்கிறது என்றாள். குழந்தையையும் தூக்கிக்கொண்டு பக்கத்து ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போனோம். முகப்பில் இருந்தவர் கேட்ட முதல் கேள்வி, கர்ப்பமா? "இல்லை" என்றாள் இவள். சரியான பதில்தானே. அந்த ஒரு "இல்லை"யால் சாதாரணத் தலைவலி வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள். நான்கு மணி நேரம். முதலில் பார்த்தபோது பிரஷர் 162/108. கடைசியில் பார்த்தபோது 156/102. இளம் டாக்டர் ஒருவர் வந்தார். தூக்கமில்லையா, வீட்டில் ஏதாவது மனக்கஷ்டமா, முன்னால் போதை மாத்திரை பழக்கம் உண்டா என்று கேட்டார். மூன்றாவது கேள்வியில் அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். இரண்டு வலி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். டிஸ்சார்ஜ் தாளில் தலைவலி, பதற்றம் என்று எழுதியிருந்தது. குழந்தை பிறந்து ஆறு நாள் என்பது அந்தத் தாளில் எங்குமே இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முழுவதும் படிக்க நேரமில்லாதவர்களுக்கும் இது போய்ச் சேர வேண்டும். பிரசவம் ஆன ஒரு வருஷத்துக்குள் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியம், "எனக்குப் பிரசவம் ஆகி இத்தனை நாள்" என்பதாக இருக்க வேண்டும். யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும், முகப்பில், நர்ஸிடம், டாக்டரிடம், மூன்று தடவையும் சொல்ல வேண்டும். அடுத்தது பிரஷர் எண். 140/90 தாண்டினால் பிரசவம் பார்த்த டாக்டருக்கு அன்றைக்கே போன். மேல் எண் 160 அல்லது கீழ் எண் 110, இரண்டில் ஏதாவது ஒன்றைத் தொட்டு, கால் மணி நேரம் கழித்தும் இறங்கவில்லை என்றால், ஒரு மணி நேரத்துக்குள் மருந்து ஏற வேண்டும் என்பது இந்த நாட்டு மகப்பேறு மருத்துவர்களே வகுத்து வைத்திருக்கும் விதி. அந்த எண் எனக்குத் தெரிந்திருந்தால் 162 என்று திரையில் பார்த்த நிமிஷமே கத்தியிருப்பேன். பார்த்தேன். என் அப்பாவுக்கும் 160 இருக்குமே என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் முழுக்கத் தலைவலி நிற்கவில்லை. திரும்பப் போகலாமா என்று கேட்டேன். "அங்கே போய் மறுபடியும் போதைக்காரி மாதிரி நிற்க மாட்டேன்" என்றாள். நான் வற்புறுத்தவில்லை. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுத வேண்டும். டாக்டர் பார்த்துவிட்டார், ஒன்றுமில்லை என்றுவிட்டார் என்பது என் மனதில் ஆழமாக உட்கார்ந்திருந்தது. நான் வளர்ந்த வீட்டில் டாக்டர் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. கம்பவுண்டரிடம்கூட எழுந்து நின்று பேசுவோம். அவள் வளர்ந்த வீட்டில் டாக்டர் சொல்வதை நம்புவதற்கு முன்னால் நான்கு பேரிடம் கேட்பார்கள். என் நம்பிக்கையும் அவளுடைய அவநம்பிக்கையும் சேர்ந்து அன்றைக்கு எங்களை வீட்டிலேயே உட்கார வைத்துவிட்டன.

எட்டாம் நாள் விடியற்காலை மூன்று மணிக்குப் புட்டிப்பால் கலக்கிக்கொண்டிருந்தேன். அறையில் கட்டில் தடதடவென்று ஆடும் சத்தம். ஓடினால் அவளுக்கு வலிப்பு. கண் மேலே செருகி, பல் கிட்டி, வாயோரம் நுரை. குழந்தை பக்கத்துத் தொட்டிலில் அழுகிறது. 911-க்கு அடித்தேன். எதிர்முனையில் இருந்த பெண் ஒரு பக்கமாகத் திருப்பிப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள் என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். எங்கள் ஊரில் என்றால் கையில் இரும்புச் சாவியைக் கொடுத்திருப்பேன். ஆம்புலன்ஸ் வர ஒன்பது நிமிஷம். அந்த ஒன்பது நிமிஷத்தைப் பற்றி எனக்கு எழுதத் தெரியவில்லை.

வேறொரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அங்கே வாசலிலேயே நின்ற ஒரு வயதான கறுப்பின நர்ஸ் என் கையில் இருந்த குழந்தையைப் பார்த்தார். "எத்தனை நாள்?" என்று கேட்டார். எட்டு என்றேன். அவ்வளவுதான். எக்ளாம்ப்சியா என்று அவர் போட்ட சத்தத்தில் அந்தத் தளமே திரும்பியது. மெக்னீசியம் சொட்டு மருந்தும் பிரஷர் இறக்கும் ஊசியும் ஏறின. மூன்று நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு, பிறகு இரண்டு நாள் வார்டு. குழந்தையை உள்ளே விடவில்லை. அலுவலக நண்பர் ஒருவரின் மனைவி இரண்டு ராத்திரி குழந்தையை வைத்துக்கொண்டார், அவர்கள் தெலுங்குக்காரர்கள், அதுவரை எங்களுக்கு அவ்வளவு பழக்கம்கூட இல்லை. அவளுக்குப் பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கல்லாகிவிட்டது. மெக்னீசியம் ஏறுகிறது, பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிடுங்கள் என்றார் ஒருவர். அந்த வயதான நர்ஸ் வந்து, கொட்ட வேண்டாம், இந்த மருந்தோடு பால் கொடுக்கலாம் என்று சொல்லி, பம்ப் கொண்டுவந்து வைத்து, டப்பாவில் பெயர் எழுதி என் கையில் கொடுத்தார். காரில் உட்கார்ந்து அந்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன்.

பிரசவத்துக்குப் பின் பிரஷர் ஏறி வரும் இந்த நோய்க்கு ப்ரீஎக்ளாம்ப்சியா என்று பெயர், அது முற்றி வலிப்பு வந்தால் எக்ளாம்ப்சியா. குழந்தையும் நஞ்சுக்கொடியும் வெளியே வந்துவிட்டால் ஆபத்து முடிந்தது என்று நினைப்பது தப்பு. ஆறு வாரம் வரைக்கும் வரலாம். வயிற்றில் பிள்ளை இருந்தபோது பிரஷர் சரியாக இருந்தவர்களுக்கும் வரலாம். விடாத தலைவலி, கண்ணில் பூச்சி, வலது பக்க விலா எலும்புக்குக் கீழே வலி, திடீரென முகமும் கையும் வீங்குவது, மூச்சு வாங்குவது, இவைதான் அடையாளம். இதில் மூன்று என் வீட்டில் நடந்தன. பெயர் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பணம் போனதையும் சொல்லிவிடுகிறேன். இன்சூரன்ஸில் வருஷத்துக்கு நம் கையிலிருந்து போகும் உச்சவரம்பு 7,000 டாலர், அது முழுதும் போனது. எங்களைத் திருப்பி அனுப்பிய எமர்ஜென்சியின் பில்லும் அதில் அடக்கம். ஆம்புலன்ஸ் 1,860 தனி. 2022-இல் அமலுக்கு வந்த சட்டம் எமர்ஜென்சியில் எதிர்பாராமல் வரும் பில்லிலிருந்து நம்மைக் காப்பாற்றும், ஆனால் சாலையில் ஓடும் ஆம்புலன்ஸ் அதில் சேரவில்லை. எனக்கு ஐந்து வாரம் சம்பளமில்லாத லீவு, அதில் 8,500 போனது. ஆக 17,000 டாலருக்கு மேல். தங்கைக்கு நிலம் வாங்க என்று சேர்த்த பணம் அது. இதில் நான் இரண்டு இடத்தில் தவறினேன். லாப நோக்கில்லாத ஆஸ்பத்திரி ஒவ்வொன்றும் கட்டண உதவித் திட்டம் ஒன்றை எழுத்தில் வைத்திருக்க வேண்டும் என்று கூட்டரசுச் சட்டம் இருக்கிறது. முதல் பில் வந்த நாளிலிருந்து 240 நாளுக்குள் விண்ணப்பிக்கலாம். எனக்குத் தெரிந்தபோது அந்தக் கெடு எப்போதோ முடிந்திருந்தது. இன்னொன்று, கம்பெனி இன்சூரன்ஸில் குழந்தையின் பெயரை 30 நாளுக்குள் சேர்க்க வேண்டும். ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்திருந்தவனுக்கு அது எப்படி ஞாபகம் வரும்? மனிதவளப் பிரிவில் இருந்த ஒரு பெண்மணி 24-ஆம் நாள் தானாகவே போன் செய்து கேட்டார். பிரசவத் தேதிக்கு முன்னாலேயே அந்தப் படிவத்தை எடுத்து நிரப்பி, பெயர், தேதி மட்டும் விட்டு வைத்துவிடுங்கள்.

அவள் தேறி வந்த பிறகு நான் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து படித்தேன். ஏன் எங்களுக்கு என்ற கேள்விதான் என்னைத் தூங்க விடவில்லை. இந்த நாட்டில் 2023-இல் ஒரு லட்சம் பிரசவத்துக்கு வெள்ளையினத் தாய்மார் இறந்தது 14.5, கறுப்பினத் தாய்மார் இறந்தது 50.3. படிப்பும் சம்பளமும் இந்த இடைவெளியை அடைப்பதில்லை. கல்லூரி முடித்த கறுப்பினப் பெண்ணுக்கு உள்ள ஆபத்து, பள்ளிக்கூடமே முடிக்காத வெள்ளையினப் பெண்ணுக்கு உள்ளதைவிட அதிகம். எங்கள் அட்லாண்டாவிலேயே, நாட்டின் நோய்த் தடுப்பு மையத்தில் ஆராய்ச்சியாளராக இருந்தவர் ஷலோன் இர்விங். மக்கள் ஏன் சமமில்லாமல் சாகிறார்கள் என்பதை ஆராய்வதுதான் அவர் வேலை. 2017 ஜனவரியில், பெண் குழந்தை பிறந்து மூன்று வாரத்தில், உயர் ரத்த அழுத்தத்தின் விளைவால் இறந்துபோனார். அதைப் படித்த இரவு, என் மனைவி மூச்சு விடுகிறாளா என்று இரண்டு முறை எழுந்து போய்ப் பார்த்தேன். கர்ப்பம் சார்ந்த மரணங்களில் பாதிக்கு மேல் நடப்பது பிரசவமாகி ஒரு வாரம் கழிந்த பிறகு, ஒரு வருஷத்துக்குள். பத்தில் எட்டுக்கு மேல் தடுத்திருக்கக்கூடியவை. அதாவது ஆஸ்பத்திரி வகுப்பு ஒரே பக்கத்தில் தாண்டிப் போன அந்தக் காலத்தில்தான் பெரும்பாலோர் போகிறார்கள்.

இரண்டாவது பிள்ளை வேண்டாம் என்று நான் இருந்தேன். அவள்தான் வேண்டும் என்றாள். 2024 ஏப்ரலில் கர்ப்பமானபோது அவள் போட்ட ஒரே நிபந்தனை, இந்த முறை வகுப்பு வேறே. தென்மேற்கு அட்லாண்டாவில் ஒரு சர்ச்சின் கீழ்த்தளக் கூடத்தில், சனிக்கிழமை மத்தியானம், ஆறு வாரம். நடத்தியவர்கள் இரண்டு கறுப்பின டூலாக்களும் ஓய்வு பெற்ற பிரசவ வார்டு நர்ஸ் ஒருவரும். டூலா என்றால் பிரசவத்திலும் அதற்குப் பிறகும் கூட இருந்து துணை செய்கிறவர். மருந்து கொடுக்க மாட்டார், கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார். அம்மா, பாட்டி, அக்கா, யாராக இருந்தாலும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். பிள்ளை பெற்றவளுக்குப் புத்தி சொல்வது பாட்டிதான், பாட்டிக்குத் தெரியாமல் நாங்கள் சொல்லிக் கொடுத்து என்ன பயன் என்றார் அந்த நர்ஸ். அம்மா சொன்ன சுக்குப் பத்து எனக்கு ஞாபகம் வந்தது.

மாமனார் அதற்குள் காலமாகிவிட்டதால் அத்தை, அதாவது மாமியார், வர முடிந்தது. இரண்டாம் வாரம், வீட்டில் யாருக்காவது பிரசவத்தில் கஷ்டம் வந்ததுண்டா என்று ஒவ்வொருவரையும் கேட்டு வந்தார்கள். அத்தை ரொம்ப நேரம் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். பிறகு சொன்னார். அவருடைய அக்கா 1970-களில் இரண்டாவது பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்து பத்தாம் நாள் இறந்திருக்கிறார். தலைவலி, தலைவலி என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். என் மனைவிக்குப் பெரியம்மா ஒருவர் சின்ன வயதில் இறந்தது தெரியும், எப்படி என்று தெரியாது. "ஏம்மா சொல்லல?" என்று கேட்டாள். வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவளிடம் சாவுக் கதை சொல்லலாமா என்றார் அத்தை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிள்ளைத்தாச்சியிடம் கெட்டது பேசக் கூடாது என்று என் ஆச்சி சொன்னது ஆல்பனியிலும் அப்படியே இருக்கிறது. தாய்க்கோ உடன்பிறந்தவளுக்கோ இது வந்திருந்தால் நமக்கும் வர வாய்ப்புக் கூடும் என்றும், பெரியம்மா கதையானாலும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்றும் அந்த நர்ஸ் சொன்னார். அன்பால் மறைத்த ஒரு விஷயம் ஐம்பது வருஷம் கழித்துத்தான் வெளியே வந்தது. உங்கள் வீட்டில் அப்படி ஒரு கதை இருந்தால் இன்றைக்கே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அத்தை இன்னொன்றும் சொன்னார். அவருடைய ஊரில் மேரி கோலி என்று ஒரு மருத்துவச்சி இருந்தார், மூவாயிரம் குழந்தைகளுக்கு மேல் கையில் ஏந்தியவர், 1966-இல் இறந்தார். அந்தக் காலத்து மருத்துவச்சிகள் பிள்ளை பிறந்ததும் போய்விட மாட்டார்கள், நாள்கணக்கில் வந்து பார்ப்பார்கள், சமைத்தும் போடுவார்கள், துணியும் துவைப்பார்கள். பிறகு சட்டமும் லைசென்ஸும் வந்து அந்தப் பெண்களை ஒவ்வொருவராக வீட்டுக்கு அனுப்பின. பிரசவம் முழுதும் ஆஸ்பத்திரிக்குப் போனது, வீட்டுக்கு வந்து பார்க்கும் ஆள் மட்டும் போய்விட்டார். ஜார்ஜியாவில் 159 கவுண்டிகள், நம் ஊர் மாவட்டம் மாதிரி. அதில் ஏறக்குறைய பாதியில் ஒரு மகப்பேறு மருத்துவர்கூட இல்லை.

அந்தக் கூடத்தில் நான் கற்றதை எல்லாம் வரிசையாகச் சொல்ல முடியாது, ஒட்டிக்கொண்டதைச் சொல்கிறேன். கறுத்த தோலில் நோய் எப்படித் தெரியும் என்று படம் போட்டுக் காட்டினார்கள். புண் சீழ் பிடித்தால் சிவக்கும் என்று எல்லாத் தாளிலும் எழுதியிருக்கிறதே, நம் தோலில் அது சிவப்பாகத் தெரியாது. சுற்றிலும் நிறம் இன்னும் அடர்ந்து, தொட்டால் சூடாக, இறுகி இருக்கும். பால் கட்டி ஜுரம் வந்தாலும் அப்படித்தான். ரத்தம் குறைந்திருக்கிறதா என்று முகத்தைப் பார்த்துப் புண்ணியமில்லை, கீழ் இமையை இழுத்து உள்பக்கம் பார்க்க வேண்டும். குழந்தைக்கு மஞ்சள் காமாலை என்றால் கண்ணின் வெள்ளையும் ஈறும் பார்க்க வேண்டும், சந்தேகம் இருந்தால் ரத்தப் பரிசோதனை கேட்க வேண்டும். விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் கருவி கறுத்த தோலில் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம் என்று மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020-இல் எழுதியிருக்கிறார்கள். எண் நன்றாக இருக்கிறது, மூச்சு வாங்குகிறது என்றால் மூச்சைத்தான் நம்ப வேண்டும். குழந்தையின் இடுப்பில், பின்புறத்தில் நீலம் பாரித்த மச்சம் இருந்தால் முதல் நாளே டாக்டரைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள், பிறகு யாராவது அடித்த காயம் என்று நினைத்துவிடக்கூடும். இதில் பலவும் என் தோலுக்கும் என் தங்கை தோலுக்கும் பொருந்தும் என்று நினைத்துக்கொண்டே எழுதி வைத்தேன்.

உணவுத் தாளில் கீரையும் சோளரொட்டியும் பீன்ஸும் இருந்தன. முன்பு கொடுத்த தாளில் இருந்த பெயர்களை அத்தை சமைத்ததே இல்லை. காலர்ட் கீரையை உப்புக்கண்டப் பன்றிக்கறி போடாமல் எப்படி ருசியாக வேக வைப்பது என்று அத்தையே எழுந்து சொல்லிக் கொடுத்தார். பிரசவ தேதிக்கு முன்னால் தலையைப் பின்னிக்கொள்ளுங்கள், படுக்கையில் நான்கு நாள் கிடந்தாலும் சிக்கு விழாது என்றார்கள். பழைய கதையையும் சொன்னார்கள். 1840-களில் பக்கத்து அலபாமாவில் மாரியன் சிம்ஸ் என்ற மருத்துவர் அனார்கா, லூசி, பெட்ஸி என்ற அடிமைப் பெண்களை மயக்க மருந்தில்லாமல் திரும்பத் திரும்ப அறுத்துத் தன் அறுவை முறையைக் கண்டுபிடித்தார். நியூயார்க்கில் நின்ற அவர் சிலையை 2018-இல்தான் எடுத்தார்கள். கறுப்பருக்கு வலி குறைவு, தோல் தடிமன் என்ற நினைப்பு அப்படியே தங்கிவிட்டது. 2016-இல் வர்ஜீனியாவில் வெள்ளையின மருத்துவ மாணவர்களையும் பயிற்சி மருத்துவர்களையும் கேட்டபோது பாதிப் பேர் இப்படி ஏதாவது ஒன்றையாவது நம்பியிருக்கிறார்கள். திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன் என்று என் மனைவி சொன்னது வெறும் பிடிவாதம் என்று நான் உள்ளூர நினைத்திருந்தேன். அந்தச் சனிக்கிழமை வீட்டுக்கு வந்ததும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

எனக்கு மிகவும் உதவியது பேச்சுப் பயிற்சி. கணவன்மாரை எழுப்பி நிறுத்தி, ஒருவர் டாக்டராக நடிப்பார், நாம் பேச வேண்டும். என் வாயே திறக்கவில்லை. மூன்றாம் வாரம்தான் வந்தது. சொல்ல வேண்டியவை சின்ன வாக்கியங்கள். "பிரசவமாகி ஆறு நாள். பிரஷர் 162. ப்ரீஎக்ளாம்ப்சியா இல்லை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" "சோதனை வேண்டாம் என்று நீங்கள் முடிவு செய்ததையும் காரணத்தையும் குறிப்பில் எழுதுங்கள்." "மகப்பேறு மருத்துவரைக் கூப்பிடுங்கள், அவர் வரும் வரை நாங்கள் போக மாட்டோம்." குரலை உயர்த்த வேண்டாம், ஆனால் உட்காரவும் வேண்டாம். கறுப்பின ஆண்கள் குரலை உயர்த்தினால் செக்யூரிட்டி வருவார் என்று அங்கிருந்த மற்ற கணவன்மார் சொன்னபோது, எனக்கு அந்தப் பயம் அவ்வளவாக இல்லை என்பது புரிந்தது. கேட்டாலே கேட்டுவிடுவார்கள் என்றும் இல்லை. 2016-இல் லாஸ் ஏஞ்சலஸில் சிசேரியன் முடிந்து உள்ளுக்குள் ரத்தம் கசிந்து இறந்த கிரா ஜான்சனின் கணவர் மணிக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தவர்தான். அவர் பிறகு நாடாளுமன்றத்தில் போய் சாட்சி சொன்னார். தாய்மார் மரணங்களை ஆராய வேண்டும் என்ற சட்டம் 2018 டிசம்பரில் வந்தது. குடும்பம் எவ்வளவு கற்றாலும், கேட்க வேண்டிய காது ஆஸ்பத்திரியில் இருக்கிறது. இந்த வகுப்பு அவர்களுக்கும் நடக்க வேண்டும் என்பது என் ஆற்றாமை.

வகுப்புக்கு வந்தவர்களில் பாதிப் பேர் மெடிக்கெய்டில், அதாவது வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு இன்சூரன்ஸில், இருந்தவர்கள். ஜார்ஜியாவில் 2022 நவம்பரிலிருந்து பிரசவத்துக்குப் பின் ஒரு வருஷம் அது தொடரும் என்பது அதில் பலருக்குத் தெரியவில்லை. முன்பு சீக்கிரமே நின்றுவிடும், அந்த ஞாபகத்திலேயே இருந்தார்கள்.

இந்த முறை 12 வாரத்திலிருந்து 81 மில்லிகிராம் ஆஸ்பிரின், டாக்டர் எழுதிக் கொடுத்து. முன்பு ப்ரீஎக்ளாம்ப்சியா வந்தவர்களுக்கு இதைக் கொடுக்க வேண்டும் என்பது நடைமுறை. நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், ஆனால் நீங்களாகக் கேளுங்கள். வீட்டில் பிரஷர் மெஷின் வாங்கினோம். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம், மேல்கையில் கட்டுவது. கையின் சுற்றளவை டேப்பால் அளந்து அதற்கேற்ற பட்டை வாங்க வேண்டும், சின்னப் பட்டை பொய்யாகக் கூட்டிக் காட்டும். ஐந்து நிமிஷம் சாய்ந்து உட்கார்ந்து, கால் தரையில் பட, கையை நெஞ்சு உயரத்தில் வைத்து, காலையும் மாலையும். டிசம்பரில் பையன் பிறந்தான். டிஸ்சார்ஜ் ஆகும் முன் 72 மணி நேரத்துக்குள் பிரஷர் பார்க்க நேரம் எழுதி வாங்கிக்கொண்டோம். நான்காம் நாள் ராத்திரி 152/98. தலைவலி இல்லை, ஒன்றும் இல்லை. பத்து நிமிஷத்தில் டாக்டருக்குப் போன் போட்டேன், கை நடுங்கியது, வாக்கியம் நடுங்கவில்லை. அன்றைக்கே மாத்திரை. தினமும் எண் அனுப்பச் சொன்னார்கள். ஐந்து வாரத்தில் மாத்திரை நின்றது. மொத்தச் செலவில் எங்களாகக் கூடுதலாகப் போட்டது மெஷினுக்கு 55 டாலர், டூலாவுக்கு 1,200. குழந்தையை ஒரு ராத்திரிகூட வேறு வீட்டில் விடவில்லை.

அந்த மெஷின் இப்போது எங்களிடம் இல்லை. அத்தை ஆல்பனிக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவருடைய தம்பி பேத்தி ஏழு மாதக் கர்ப்பிணி. போன ஞாயிற்றுக்கிழமை அவளை உட்கார வைத்து, முதலில் அக்காவின் கதையைச் சொல்லிவிட்டுத்தான் பட்டையைக் கட்டியிருக்கிறார். நேற்று சாயந்திரம் 118/76 என்று எனக்குக் குறுஞ்செய்தி வந்தது.